கோயாசான்: ஜப்பானிய மலையூர்க் கோயிலில் ஓர் இரவு தங்குவது எப்படி?

ஜப்பானுக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் தோக்கியோ, கியோத்தோ, ஒசாகா ஆகிய மூன்று நகரங்களோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஒசாகாவில் இரண்டு நாட்கள் கையில் இருப்பவர்கள், அதில் ஒரு பகலையும் ஓர் இரவையும் கோயாசானுக்கு ஒதுக்குவது நல்லது. வாக்கயாமா மாநிலத்தின் வடபகுதியில், கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு சிறு சமவெளியில் அமைந்திருக்கும் ஊர் அது. சுற்றிலும் உள்ள எட்டுச் சிகரங்களைத் தாமரையின் எட்டு இதழ்களாகவும், ஊரை அதன் நடுப்பொகுட்டாகவும் அங்குள்ளவர்கள் கருதுகிறார்கள். நிர்வாகக் கணக்கில் அது கோயா என்னும் சிற்றூராட்சி. மக்கள்தொகை சுமார் 3,000தான். ஆனால் அங்குள்ள கோயில்களின் எண்ணிக்கை 117. அவற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை வழிப்போக்கர்களுக்கு அறையும் உணவும் தருகின்றன. அஞ்சல் நிலையம், தொடக்கப்பள்ளி, 1886இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம், மளிகைக் கடை, முடிதிருத்தகம் ஆகிய அனைத்தும் அந்தக் கோயில் மதில்களுக்கு இடையிலேயே இருக்கின்றன. ஓர் ஊருக்குள் கோயில்கள் இருக்கின்றன என்பதைவிட, கோயில்களுக்குள் ஓர் ஊர் இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

ஒசாகாவிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம் என்று பல பயண நிறுவனங்கள் சொல்கின்றன. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போக்குவரத்துக்கே நான்கு, ஐந்து மணி நேரம் செலவாகிவிடும். எஞ்சிய நேரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு கட்டடங்களையும் ஒரு கல்லறைத் தோட்டத்தின் பாதியையும் பார்த்துவிட்டு ஓடிவர வேண்டியிருக்கும். கடைசிப் பேருந்துகள் பகல்நேரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போன பின்னர்தான் ஊர் தன் இயல்புக்குத் திரும்புகிறது. எனவே இந்த வழிகாட்டுதல் முழுவதும் ஓர் இரவு தங்குபவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

பயணத்திட்டத்துக்கு முன், ஊரின் வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் தெரிந்துகொள்வது உதவும். கூகாய் (774–835) என்னும் துறவி 804ஆம் ஆண்டு கடல் கடந்து சீனத்தின் தாங் அரசுத் தலைநகரான சாங்கானுக்குச் சென்றார். அங்கே ஹுய்குவோ என்னும் ஆசானிடம் மந்திரநெறிப் பௌத்தத்தையும், இந்தியாவிலிருந்து வந்திருந்த பிரஜ்ஞர் என்னும் துறவியிடம் சமஸ்கிருதத்தையும் கற்று, 806இல் நாடு திரும்பினார். 816இல் பேரரசர் சாகா இந்த மலையை அவருக்கு வழங்க, அங்கே அவர் எழுப்பிய மடமே ஷிங்கோன் என்னும் மந்திரநெறிப் பௌத்த மரபின் தலைமையிடமாக வளர்ந்தது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 921இல், அரசவை அவருக்குச் சூட்டிய பட்டமான கோபோ டாய்ஷி என்ற பெயராலேயே மக்கள் இன்றும் அவரை அழைக்கிறார்கள். ஹுய்குவோவின் ஆசான் அமோகவஜ்ரர். அவருடைய ஆசான் வஜ்ரபோதி. 741இல் சீனத்தில் காலமான இந்த வஜ்ரபோதி, காஞ்சியோடு தொடர்புடைய தென்னிந்தியத் துறவி. இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடல் மார்க்கமாகச் சீனம் சென்றவர். ஆக, இந்த மலையில் தினமும் காலையில் ஓதப்படும் மந்திரங்களின் குருபரம்பரையில் ஒரு கண்ணி தென்னாட்டில் இருக்கிறது. அவருடைய உருவத்தை அங்கே எந்தச் சுவரில் தேட வேண்டும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அறை பதிவு செய்தல்

கோயில் தங்குமிடத்துக்கு ஷுக்குபோ என்று பெயர். ஊரில் வழக்கமான பெரிய ஓட்டல்கள் கிடையாது என்பதால், முதலில் அறையை உறுதிசெய்துவிட்டு அதன் பிறகு ரயில் டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். ஊரின் ஷுக்குபோ சங்கத்தின் வழியாகவும் பதிவு செய்யலாம். ஒருசில கோயில்கள் தங்கள் வலைத்தளத்திலேயே ஆங்கிலத்தில் பதிவு ஏற்கின்றன. இரண்டு வேளை உணவுடன் ஒருவருக்கு 10,000 யென்னுக்கு மேல் தொடங்கி, தோட்டம் பார்த்த அறை, தனிக் குளியலறை போன்ற வசதிகளைப் பொறுத்து இரண்டு மூன்று மடங்குவரை கட்டணம் உயரும். தனியாகச் செல்பவரிடம் சில இடங்கள் கூடுதலாகக் கேட்பதுண்டு. இலையுதிர் நிறம் மாறும் அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரையிலும், ஆகஸ்டு நடுவிலும் பல மாதங்களுக்கு முன்பே அறைகள் நிரம்பிவிடும்.

எந்தக் கோயிலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இடம்தான். ஊர் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. கிழக்குக் கோடியில் ஒக்குனோயின் என்னும் கல்லறைக் காடு, மேற்குக் கோடியில் டாய்மோன் என்னும் பெருவாயில், நடுவில் செஞ்சுயின்பாஷி என்னும் நாற்சந்தி. இரவிலும் விடியலிலும் ஒக்குனோயினுக்கு நடக்க விரும்புபவர், அதன் நுழைவாயிலான இச்சினோஹாஷிப் பாலத்துக்கு அருகில் உள்ள கோயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்களுக்கு நாற்சந்திக்கு அருகில் தங்குவதே வசதி. காலையில் ஹோமம் வளர்க்கும் கோயில் வேண்டும் என்பவர்கள் பதிவின்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம், ஏனெனில் எல்லாக் கோயில்களிலும் அது நடப்பதில்லை. வெங்காயம், பூண்டு முதல் முட்டை வரை உணவுக் கட்டுப்பாடு எதுவானாலும் அதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். நேரில் போய்ச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. அவர்கள் அன்றைய சமையலை நம் தலையை எண்ணித்தான் தொடங்குகிறார்கள்.

மலையேறும் வழி

ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நாங்காய் நிறுவனத்தின் கோயா தடத்தில் ஏற வேண்டும். ஜப்பான் ரயில்வே குழுமத்தின் பயணச்சீட்டான ஜே.ஆர். பாஸ் இந்தத் தடத்தில் செல்லாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 'கோயா' என்னும் சிறப்பு விரைவு ரயிலில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அது சுமார் 80 நிமிடங்களில் மலையடியில் உள்ள கோகுராகுபாஷி நிலையத்தை அடையும். கூடுதல் கட்டணம் இல்லாத சாதாரண ரயில்களில் சென்றால், பெரும்பாலும் ஹாஷிமோத்தோவில் வண்டி மாறி, இருபது நிமிடம் கூடுதலாகச் செலவழிக்க நேரிடும். ஹாஷிமோத்தோவுக்குப் பிறகு ரயில் வளைவுகளிலும் சுரங்கங்களிலும் நுழைந்து மெதுவாக ஏறும்; அந்தப் பகுதிக்காகவே சன்னலோர இருக்கையைப் பிடிக்கலாம். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்கள் நம்பா வரை போக வேண்டியதில்லை; தெங்காச்சாயாவில் இறங்கித் தடம் மாறினால் போதும். போகவர ரயில் கட்டணத்தையும் மலைமேல் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்து நாங்காய் விற்கும் சலுகைச் சீட்டு, ஓர் இரவு தங்குபவருக்குப் பொதுவாக இலாபமானது.

கோகுராகுபாஷியில் ரயில் நிலையத்துக்குள்ளேயே கேபிள் காருக்கு மாறலாம். 1930 முதல் ஓடும் இந்த இழுவை ரயில், படிக்கட்டுபோல் அடுக்கப்பட்ட பெட்டியில் நம்மை ஏற்றிக்கொண்டு, சுமார் 330 மீட்டர் உயரத்தை ஐந்தே நிமிடங்களில் ஏறிவிடுகிறது. மேலே, 867 மீட்டர் உயரத்தில் உள்ள கோயாசான் நிலையத்தில் இறங்கியதும் பலர் ஊருக்குள் நடந்தே போகலாம் என்று கிளம்பிப் பார்ப்பார்கள். நிலையத்திலிருந்து ஊரின் எல்லையான நியோனின்தோ வரையிலான சாலை பேருந்துகளுக்கு மட்டுமே உரியது, அதில் நடக்க அனுமதியில்லை. கேபிள் காரின் வருகையை ஒட்டியே பேருந்துகள் காத்திருக்கும். நாற்சந்திக்குப் பத்து நிமிடம்.

பெரிய பெட்டிகளை மலைமேல் இழுத்துச் செல்லக் கூடாது. கோயில் விடுதிகளில் மின்தூக்கி இருப்பது அரிது. வழவழப்பான மரத் தாழ்வாரங்களில் சக்கரப் பெட்டியை உருட்டுவது நாகரிகமும் அல்ல. நம்பாவின் லாக்கர் ஒன்றில் பெட்டியை வைத்துவிட்டு, ஓர் இரவுக்கான துணியுடன் ஒரு முதுகுப் பையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஒசாகாவைவிட இங்கே எப்போதும் குளிர் அதிகம். கோடையிலும் மாலையில் ஒரு மெல்லிய மேலாடை தேவைப்படும், டிசம்பர் முதல் மார்ச் வரை பனி விழும், இரவில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போகும். கையில் ரொக்கம் வைத்திருப்பதும் அவசியம், ஏனெனில் சிறு கடைகளிலும் உண்டியலிலும் அட்டை உதவாது; வெளிநாட்டு அட்டையைப் பயன்படுத்த அஞ்சல் நிலைய ஏ.டி.எம்.மே நம்பகமானது. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணியும் ஓட்டையில்லாத காலுறையும் இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பலமுறை சோதிக்கப்படும்.

முதல் நாள் பிற்பகல்

நண்பகலுக்குள் மேலே சென்றுவிட்டால், பையைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு, ஊரின் மேற்குப் பகுதியை முதலில் பார்த்துவிடலாம். ஒக்குனோயினை அன்றே பார்க்க வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்வது நல்லது. அதற்கு இரவும் மறுநாள் காலையும் இருக்கின்றன.

தன்ஜோ கரான் என்பது கூகாய் முதன்முதலில் கட்டடங்களை எழுப்பத் தொடங்கிய வளாகம். அதன் நடுவே நிற்கும் கோன்போன் டாய்தோ என்னும் செந்நிறப் பெருங்கோபுரம் 48.5 மீட்டர் உயரமுள்ளது. இடியாலும் தீயாலும் பலமுறை அழிந்த அதன் இன்றைய வடிவம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எனவே பழமையை எதிர்பார்த்து வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதன் பளிச்சென்ற சிவப்பு ஏமாற்றமளிக்கலாம். கட்டணத்தைச் செலுத்தி உள்ளே செல்லத் தயங்காதீர்கள். நடுவில் இந்த மரபின் முதன்மைப் புத்தரான மகாவைரோசனர், சுற்றிலும் நான்கு புத்தர்கள், பதினாறு தூண்களில் பதினாறு போதிசத்துவர்களின் ஓவியங்கள் எனக் கருவறையே ஒரு மண்டலமாக (புத்தர்களின் உலகைக் காட்டும் வரைபடமாக), நாம் உள்ளே நின்று பார்க்கும் மண்டலமாக அமைந்திருக்கிறது. நான்கு மூலைச் சுவர்களிலும் இந்த மரபைக் கைமாற்றித் தந்த எட்டு ஆசான்களின் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவர்களில் கையில் செபமாலை ஏந்தியிருப்பவர்தான் வஜ்ரபோதி. ஜப்பானியர்கள் அவரைக் கொங்கோச்சி என்கிறார்கள். பெரும்பாலான பயணிகள் நடுவிலுள்ள பொன்னிறச் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால், மூலைகளில் நின்று நிதானமாகப் பார்க்க நெரிசல் இருப்பதில்லை.

வெளியே வந்ததும், வேலியிட்ட ஒரு பைன் மரத்தின் அடியில் பெரியவர்கள்கூடக் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டிருப்பதைக் காணலாம். சீனத்திலிருந்து கிளம்பும் முன் கூகாய் மூன்று முனைகள் கொண்ட வச்சிரம் ஒன்றை ஜப்பானை நோக்கி வீசினார் என்றும், அது இந்த மரத்தில் சிக்கியிருக்கக் கண்டே இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றும் ஐதீகம். பைன் ஊசிகள் பொதுவாக இரண்டிரண்டாக இருக்கும். இந்த மரத்தில் மூன்று ஊசிகள் ஒன்றாக இணைந்த இலைகளும் உண்டு. கீழே விழுந்து கிடப்பதை எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்வது வழக்கம். கிளையிலிருந்து பறிக்கக் கூடாது.

அங்கிருந்து சில நிமிட நடையில் உள்ள கோங்கோபுஜி, மரபின் தலைமைக் கோயில். அன்று ஜப்பானை ஆண்ட தளபதி தொயோத்தோமி ஹிதேயோஷி தன் தாயின் நினைவாக 1593இல் கட்டுவித்த மடம் அதன் முன்னோடி. இரண்டே ஆண்டுகளில், 1595இல், அவருடைய ஆணையாலேயே அவருடைய அக்காள் மகன் ஹிதேத்சுகு அங்கே ஓர் அறையில் வயிற்றைக் கிழித்து உயிர்விட நேர்ந்தது. வில்லோ மரங்கள் தீட்டிய அந்த அறை இன்றும் காட்டப்படுகிறது. பின்புறம் உள்ள பான்ரியூதேய் என்னும் கல் தோட்டம் 1984இல் அமைக்கப்பட்டது. 2,340 சதுர மீட்டர் பரப்பில், கூகாய் பிறந்த ஷிக்கோக்குத் தீவின் கருங்கற்கள் 140, மேகத்திலிருந்து எழும் இரண்டு நாகங்களைப் போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. எனக்குத் தோட்டத்தைவிட அடுக்களையே பிடிக்கும். ஒரே நேரத்தில் சுமார் 2,000 பேருக்குச் சோறு வடித்த மூன்று பெருங்கொப்பரைகளும், புகை படிந்து கறுத்த உத்தரங்களும் அங்கே அப்படியே இருக்கின்றன. வாசலுக்கு வந்ததும் மேலே பாருங்கள்: மரப்பட்டை வேய்ந்த கூரையின் உச்சியில் மரத் தொட்டிகள் தெரியும். மழைநீரைச் சேர்த்துவைத்து, தீப்பொறி பறந்தால் கூரையை நனைப்பதற்காக வைக்கப்பட்டவை அவை. மலை முழுதும் மரத்தால் கட்டிய ஊர் எதற்கு அஞ்சியது என்பதை அந்தத் தொட்டிகளே சொல்கின்றன.

கோயிலில் மாலை

ஐந்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். இரவு உணவு ஐந்தரை அல்லது ஆறு மணிக்கே வந்துவிடும், தாமதமாக வருபவருக்காகச் சமையலறை காத்திருக்காது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத் தரப்படும் செருப்பை அணிய வேண்டும். தத்தாமிப் பாய் விரித்த அறைக்குள் அந்தச் செருப்பும் கூடாது. கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வாசலில் இருக்கும், அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அறைகளுக்கு இடையே இருப்பது பெரும்பாலும் காகிதக் கதவுகள்தான் என்பதால், பக்கத்து அறையின் குறட்டையும் நம்முடைய தொலைபேசி உரையாடலும் எல்லாருக்கும் பொது. யுக்கத்தா என்னும் பருத்தி அங்கியை அணியும்போது இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றி அணிவது இறந்தவர்களுக்குச் செய்வது.

குளியல் பொதுவானது; ஆண், பெண்களுக்குத் தனித்தனி. ஆடையின்றித்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பதில் நம்மவர் பலருக்குக் கூச்சம் உண்டு. தாழ்வான முக்காலியில் அமர்ந்து உடலை முழுமையாகத் தேய்த்துக் கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். சோப்பு நுரையோ துண்டோ தொட்டி நீரில் படக் கூடாது. எல்லாரும் உண்ணும் நேரத்துக்குப் பின், இரவு எட்டு மணிவாக்கில் சென்றால் பெரும்பாலும் தனிமை கிடைக்கும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஜப்பான் எவ்வளவு சிரமமான நாடு என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கும் நூடுல்ஸிலும் கீரைக் கூட்டிலும்கூட உலர்ந்த பொனிட்டோ மீனைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு கலந்திருக்கும். கேட்டால், மீன் துண்டு எதுவும் இல்லையே என்று உண்மையான வியப்போடு பதில் வரும். கோயாசானின் ஷோஜின் ரியோரி என்னும் மடத்துச் சமையலில் அந்தச் சாற்றுக்குப் பதில் கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானும் பயன்படுகின்றன. புலால், மீன் மட்டுமல்லாமல், வெங்காயம், பூண்டு போன்ற நெடியுள்ளவையும் விலக்கப்பட்டவை. ஐந்து சுவை, ஐந்து நிறம், ஐந்து சமைக்கும் முறை என்பது அதன் இலக்கணம்: பச்சையாக, வேகவைத்து, ஆவியில், சுட்டு, பொரித்து. இளந்துறவி ஒருவர் செவ்வரக்குப் பூசிய தாழ்வான தட்டுகளை அறைக்கோ கூடத்துக்கோ கொண்டுவந்து வைப்பார். ஒவ்வொன்றிலும் கைப்பிடிக்குள் அடங்கும் கிண்ணங்கள்.

அவற்றுள் இரண்டைத் தவறவிடக் கூடாது. கோமா தோஃபு, பெயரில் தோஃபு இருந்தாலும் சோயா கலவாதது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை அரைத்து, குட்சு என்னும் கொடியின் கிழங்கு மாவும் நீரும் சேர்த்து, அடிபிடிக்காமல் நெடுநேரம் கிண்டி ஆறவைத்தது. நுங்கைப் போல் வழுக்கிக்கொண்டு போகும் அதன்மேல் ஒரு துளி வசாபியும் சோயாச் சாறும் இருக்கும். கோயா தோஃபு இந்த மலையின் பெயரையே தாங்கியது. குளிர்கால இரவில் வெளியே உறைந்துபோன தோஃபுவை உலர்த்திப் பார்த்தபோது பிறந்ததாகச் சொல்வார்கள். சாறு முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும் அதைக் கடித்ததும் வாயில் குழம்பு ஊறும். இன்று அதில் பெரும்பகுதி நாகானோ மாநிலத்து ஆலைகளில்தான் செய்யப்படுகிறது. உணவில் காரம் அறவே இருக்காது. ஊறுகாய் இல்லாமல் இறங்காது என்பவர்கள் தங்கள் பொட்டலத்தை அறையிலேயே தனியாகப் பிரித்துக்கொள்ளட்டும். ஆனால் முதல் சில கிண்ணங்களையாவது அது சேராமல் உண்டு பார்க்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடு உள்ள இடத்தில், பீர் வேண்டுமா, சாக்கே வேண்டுமா என்று துறவியே கேட்பது நமக்குத் திகைப்பளிக்கும். மடங்களில் மதுவுக்கு 'ஞான வெந்நீர்' என்று பழைய மறைபெயரே உண்டு. துறவிகள் மணம் செய்துகொள்வதை அரசு 1872இல் அனுமதித்ததிலிருந்து, பல கோயில்கள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடும்பப் பொறுப்பாக இருக்கின்றன. தாழ்வாரத்தில் ஒரு மிதிவண்டியோ பள்ளிப் பையோ தென்பட்டால் வியக்க வேண்டாம்.

ஒக்குனோயின்: இரவிலும் பகலிலும்

கோயிலின் கதவு ஒன்பது மணிவாக்கில் சாத்தப்படும். உணவு முடிந்ததும் கிளம்பினால், இச்சினோஹாஷியிலிருந்து ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வர நேரம் இருக்கும். கல்விளக்குகளின் மங்கலான மின்னொளி பாதை நெடுகிலும் உண்டு. ஆனாலும் கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள், வேர்களும் படிகளும் சமமற்றவை. மேலே கிளைகளில் திடீரென்று எழும் கீச்சொலி பறக்கும் அணிலுடையது. தனியே செல்ல அஞ்சுபவர்களுக்காக, துறவி உடன்வரும் இரவு நடை ஒன்றும் நடத்தப்படுகிறது. ஆங்கில விளக்கமும் உண்டு.

மறுநாள் காலை ஆறு அல்லது ஆறரை மணிக்குக் கோயிலில் வழிபாடு. வருவதும் வராததும் விருந்தினர் விருப்பம் என்றாலும், அதைத் தவிர்த்துவிட்டுத் தூங்குபவர் ஓட்டலிலேயே தங்கியிருக்கலாம். சுமார் அரை மணி நேரம் ஓதுவார்கள்; முழந்தாளிட்டு அமர வேண்டிய கட்டாயமில்லை, சம்மணமிட்டு அமரலாம். அழைக்கும்போது முன்சென்று, நறுமணத் தூளை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிக்கு நேரே உயர்த்திக் கனலில் இட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒளிப்படம் எடுக்கலாமா என்பதைக் கோயிலுக்குக் கோயில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையுணவுக்குப் பின் ஒக்குனோயினைப் பகலில் பாருங்கள். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பேருந்துகள் பயணிகளை இறக்கிவிடும் ஒக்குனோயின்மாயே நிறுத்தத்திலிருந்து செல்லும் குறுக்கு வழி நவீனக் கல்லறைகளின் ஊடே போகிறது; பழைய வழி இச்சினோஹாஷியில் தொடங்கி, பல நூற்றாண்டு வயதுள்ள சீடார் (cedar) என்னும் ஊசியிலை மரங்களின் கீழே இரண்டு கிலோமீட்டர் செல்கிறது. பழைய வழியில் உள்ளே போய், புதிய வழியில் வெளியே வருவதுதான் சரியான வரிசை. பாலத்தைக் கடக்கும் முன் கைகூப்பித் தலைவணங்க வேண்டும். கோபோ டாய்ஷி, அதாவது கூகாய், அங்கேயே வந்து வரவேற்று, திரும்பும்போது அங்கேவரை வந்து வழியனுப்புவார் என்பது நம்பிக்கை.

இங்கே 2,00,000க்கும் மேற்பட்ட நினைவுக்கற்கள் இருக்கின்றன. அவற்றில் மிகுதியானவை ஐந்து கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை: அடியில் சதுரம் நிலம், அதன்மேல் உருண்டை நீர், கூரை வடிவம் தீ, பிறைக் கிண்ணம் காற்று, உச்சியில் இரத்தின மணி வடிவம் வெளி. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து செதுக்கப்பட்டிருக்கும். அது ஜப்பானிய எழுத்தன்று, இந்தியாவிலிருந்து சென்ற சித்தம் எழுத்து. பாசி ஏறிய ஒரு கல்லின் அருகே சற்றே குனிந்து, அடிச்சதுரத்தில் விரலளவு ஆழத்தில் வெட்டப்பட்ட அகரத்தைப் பார்த்துவிட்டால், அதன் பிறகு காடு முழுதும் அதே ஐந்து எழுத்துகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். உடல் ஐம்பூதங்களில் கலந்தது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பகைவர்கள் இங்கே அண்டைவீட்டார். தாக்கேதா ஷிங்கெனும் உயேசுகி கென்ஷினும் வாழ்நாளெல்லாம் மோதிய பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர்கள். இருவருக்கும் இங்கே இடமுண்டு. ஓதா நொபுநாகா இந்த மலையின் துறவிகளைக் கொன்று, மலையையே முற்றுகையிட முனைந்தவர். அவரும் இருக்கிறார், 1582இல் அவரைக் காட்டிக்கொடுத்து வீழ்த்திய அகேச்சி மித்சுஹிதேயும் இருக்கிறார். ஹிதேயோஷி கொரியாமீது தொடுத்த போரில் மடிந்த இரு தரப்பு வீரர்களுக்குமாக ஷிமாசு குடும்பம் 1599இல் நிறுவிய கல்லையும் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது பாலமான கோபியோபாஷிதான் எல்லை. அதற்கு அப்பால் ஒளிப்படம், உணவு, புகை எதுவும் கூடாது. தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பாலத்துக்கு முன் வரிசையாக நிற்கும் வெண்கலச் சிலைகளுக்கு அகப்பையால் நீர் ஊற்றி, இறந்த உறவினரை நினைத்துக்கொள்வது வழக்கம். பாலத்தைக் கடந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் தொங்கும் தோரோதோ மண்டபம். அதில் இரண்டு சுடர்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளாக அணையாதவை என்கிறார்கள். ஒன்று பேரரசர் ஷிராகாவா அளித்தது, மற்றொன்று ஓர் ஏழைப் பெண் தன் கூந்தலை விற்று ஏற்றியது. மண்டபத்துக்குப் பின்னால், மூடிய கதவுக்கு அப்பால்தான் கூகாய் 835 முதல் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். அவர் இறந்தார் என்று இந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. ஜீவசமாதியை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று. நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் அவருக்கு உணவு கொண்டுசெல்லப்படுகிறது. மஞ்சள் அங்கியணிந்த துறவிகள் வெண்ணிறப் பெட்டியைச் சுமந்து, முன்னால் ஒரு மூத்த துறவி நடக்க, வழியில் சுவை பார்க்கும் சிற்றுருவத்தின் முன் நின்றுவிட்டுப் பாலத்தைக் கடப்பார்கள். உள்ளே செல்லும் உரிமை அந்த மூத்தவருக்கு மட்டுமே உண்டு. அங்கே கண்டதை அவர் எவரிடமும் சொல்வதில்லை. ஆறு மணி ஊர்வலம் கோயில் வழிபாட்டு நேரத்தோடு மோதுவதால், 10.30 மணிக்குப் பாலத்தருகே நிற்பதுபோல் திட்டமிடுங்கள்; ஒரு பத்து நிமிடம் முன்னதாகவே சென்று, பாதையின் ஓரமாக நில்லுங்கள், குறுக்கே போய்ப் படமெடுக்காதீர்கள்.

வெண்ணிற உடையும் கூம்புத் தொப்பியும் ஊன்றுகோலுமாக வருபவர்கள், ஷிக்கோக்குத் தீவின் 88 கோயில்களையும் சுற்றி முடித்து, அந்தச் செய்தியை டாய்ஷியிடம் சொல்ல வந்தவர்கள். அவர்களுக்கு வழிவிடுவது மரியாதை.

திரும்பும் புதிய வழி, கனத்த மனத்தோடு வருபவரைச் சிரிக்க வைக்கும். நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன: ஒரு விமான உற்பத்தி நிறுவனம் ராக்கெட் வடிவில் வைத்திருக்கிறது, ஒரு காப்பி நிறுவனம் கோப்பை வடிவில். கரையான் ஒழிப்போர் சங்கம், தாம் கொன்ற கரையான்களுக்கு, 'அமைதியாக உறங்குங்கள்' என்று கல்வெட்டி வைத்திருக்கிறது.

நேரம் மிஞ்சியவர்களுக்கு

ஊரை விட்டுக் கிளம்பும் முன் நியோனின்தோவில் பேருந்தை நிறுத்தி இறங்குங்கள். 1872 வரை பெண்கள் இந்த ஊருக்குள் நுழையத் தடை இருந்தது. நடைமுறையில் அது முழுதும் நீங்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் ஆயிற்று. ஏழு நுழைவாயில்களிலும் பெண்கள் தங்கி வணங்கிய மண்டபங்களில் எஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். உள்ளே போக முடியாத அவர்கள் மலைமுகடுகளின் வழியே ஊரைச் சுற்றி நடந்த பாதை இன்று நல்ல நடைபாதையாக இருக்கிறது; மரங்களுக்கு இடையே கோபுரத்தின் முனை சில இடங்களில் தெரியும். சிறிய ஒற்றை மண்டபம்தான் என்றாலும், ஊரின் மற்ற இடங்கள் சொல்லாத ஒன்றை இது சொல்வதால் விட்டுவிட வேண்டாம் என்பேன்.

வாங்கிச் செல்ல வேண்டுமானால், கோயா தோஃபுவும் தாரானிசுக்கே என்னும் கசப்பு வயிற்று மாத்திரையும் இந்த ஊரில் பெயர்பெற்றவை. கோமா தோஃபு சிலவகை குளிரில் வைக்க வேண்டியது. விமானப் பயணத்துக்கு வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். கடைவாசல்களில் பூங்கொத்துக்குப் பதில் பச்சை இலைக்கொத்துகள் விற்கப்படுவது கோயாமாக்கி மரத்தின் கிளைகள். பூமரமும் கனிமரமும் வளர்க்கத் தடையிருந்த காலத்திலிருந்து படையலுக்கு அதுவே வழக்கம்.

கேபிள் காரைத் தவிர்த்து நடந்தே மலையேறவும் ஒரு வழி உண்டு. நாங்காய் தடத்தில் உள்ள குதோயாமா நிலையத்தில் இறங்கி, கூகாயின் தாய் தங்கியிருந்த ஜிசோன்யின் கோயிலில் தொடங்கினால், சோயிஷிமிச்சி என்னும் பழம்பாதை சுமார் இருபது கிலோமீட்டர் ஏறி டாய்மோன் பெருவாயிலை அடைகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நட்ட 180 கல்தூண்கள், சுமார் 109 மீட்டருக்கு ஒன்றாகத் தன்ஜோ கரான் வரை வழிகாட்டும். தூணின் எண் குறையக் குறைய ஊர் நெருங்குகிறது. ஏழு மணி நேரமாவது ஆகும், வழியில் கடைகள் மிகக் குறைவு என்பதால் குடிநீரும் உணவும் எடுத்துக்கொண்டு விடியலிலேயே தொடங்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் கோயிலை அடைய முடியாது என்று பாதிவழியில் தோன்றினால், அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கோயாசானிலிருந்து தெற்கே குமானோ வரை செல்லும் 70 கிலோமீட்டர் கொஹேச்சிப் பாதை இதைவிடக் கடினமானது: நான்கு நாட்கள், ஆயிரம் மீட்டரைத் தாண்டும் கணவாய்கள், முன்கூட்டியே பதிவு செய்த தங்குமிடங்கள். பனிக்காலத்தில் மலையேற்றப் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடக் கூடாது.